தலைக்கு மேல வெடிச்சது: ஜிஆர்பி 221009ஏ கதை முழுசா

2022 அக்டோபர் 9, ஞாயித்துக்கிழமை, புரட்டாசி பௌர்ணமி. தீவாளிக்கு ரெண்டே வாரம், கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு, திருப்பூர்ல குமரன் ரோடுன்னு எங்க பாத்தாலும் துணி எடுக்கற கூட்டம்னு வெச்சுக்கோங்க. பொழுது எறங்கி, கெழக்கால நெலா ஏறிட்டு இருந்த நேரம், சரியா சாய்ங்காலம் 6 மணி 47 நிமிசத்துக்கு, பூமிக்கு மேல 500 கிலோமீட்டர் சொச்சத்துல சுத்திட்டு இருந்த ஃபெர்மிங்கற ஸ்பேஸ் டெலஸ்கோப்புல ஒரு ட்ரிகர் விழுந்துச்சு, அதாவது காமா கதிர் திடீர்னு கூடுறத பாத்துட்டு கருவி தானா எச்சரிக்கை அடிக்கறது. அந்த ட்ரிகருக்கு வெச்ச பேருதான் ஜிஆர்பி 221009ஏ, ஜிஆர்பின்னா காமா கதிர் வெடிப்புங்கறதோட இங்கிலீஷ் சுருக்கம், அதோட வருசம் மாசம் தேதிய அப்படியே ஒட்டி, அன்னிக்கு மொதல்ல வந்ததுங்கறதுக்கு ஏ. இதுவரைக்கும் மனுசன் பாத்த காமா கதிர் வெடிப்புலயே பிரகாசமானது இதுதான், ஆளுங்க செல்லமா போட்னு கூப்பிடுறாங்க, எல்லா காலத்துலயும் ஒசந்த பிரகாசம்ங்கறதோட மொதல் எழுத்துங்க சேந்த பேரு.

இதப் பத்தி நெறைய பேரு எழுதிட்டாங்க, ஆனா ஒரு விசயம் யாரும் நம்ம பக்கத்துல இருந்து சொல்லல. அந்த வெடிப்பு வந்த திசை அம்பு நட்சத்திரக் கூட்டம், சஜிட்டான்னு சொல்றது. வான அட்டவணையில அதோட எடம் 19 மணி 13 நிமிசம் (கடிகார நேரம் இல்ல, வானத்துல எடம் குறிக்கற கணக்கு), வடக்கால 19.8 டிகிரி. இந்த ரெண்டு நம்பரையும் ட்ரிகர் ஆன நேரத்தையும் வெச்சு பூமியில எந்த எடத்துக்கு நேர் உச்சியில அது இருந்துச்சுன்னு கணக்கு போட்டா, அரபிக்கடல்ல குஜராத் கரைக்குக் கொஞ்சம் தெக்க, டையூ பக்கத்துல வந்து நிக்குது. அப்ப கோயமுத்தூருக்கு? உச்சிக்கு 10, 11 டிகிரி வடமேக்கால. கைய நீட்டி முட்டி மடக்கினா வர்ற அகலம் சுமாரா 10 டிகிரிதாங்க. அதாவது ஈரோடு, தாராபுரம், கோபி, பொள்ளாச்சின்னு எந்த ஊரு மொட்டமாடியில நின்னு அண்ணாந்து பாத்திருந்தாலும் நேரா அந்தத் திசையத்தான் பாத்திருப்போம். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, அது வேற விசயம். காமா கதிர காத்து மண்டலம் மேலயே முழுங்கிரும், கண்ணுக்குத் தெரியற வெளிச்சமா வந்ததும் பால்வீதி தூசியில அடிபட்டு டெலஸ்கோப் வெச்சாத்தான் தெரியற அளவுக்கு மங்கலு.

இத சொல்றதுக்குக் காரணம் ஊர்ப்பெருமை இல்ல, சும்மா கொஞ்சம் இருக்கு, இல்லீங்காம. இந்த நிகழ்வோட முழுக் கதையுமே யாரு எங்க நின்னுட்டு இருந்தாங்க, யாரு கையில என்ன இருந்துச்சுங்கறதுலதான் இருக்கு. நல்ல டெலஸ்கோப்பு வெச்சிருந்தவங்க முக்கியமான நேரத்துல தடுமாறிட்டாங்க, ஓரமா நின்னவங்கதான் சரியான கணக்கு கொடுத்தாங்க.

அடிப்படை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 1967 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்காவோட வேலா சாட்டிலைட்டுங்க, யாராவது ஒளிஞ்சு அணுகுண்டு டெஸ்ட் பண்றாங்களான்னு பாக்க விட்டது, ஒரு காமா கதிர்ப் பொறிய பதிவு பண்ணிச்சு, அது பூமியில இருந்தும் வரல சூரியன்ல இருந்தும் வரல. வெளிய சொல்றதுக்கு 1973 ஆயிருச்சு. அப்பறம் 90கள்ல பேட்ஸிங்கற கருவி 2,704 வெடிப்பு புடிச்சு, எல்லா திசையிலயும் சமமா வருது, அப்ப இது நம்ம கேலக்ஸிக்கு உள்ள இல்லன்னு காட்டுச்சு. அதுலயே ரெண்டு சாதி இருக்குன்னும் தெரிஞ்சுது, 2 செகண்டுக்குக் கீழ ஒரு கூட்டம், அதுக்கு மேல ஒரு கூட்டம். மேல இருக்கறதுதான் நீண்ட வெடிப்பு. பெரிய நட்சத்திரம் ஒண்ணு எரிபொருள் தீந்து நடுவுல நொறுங்கி கருந்துளையாகி, அதுக்குள்ள விழற பொருள் ஒரு மெல்லிசான ஜெட்டா நட்சத்திரத்தக் கிழிச்சுட்டு வெளிய பாயும், அந்த ஜெட்டு நம்மள நோக்கி இருந்தா நமக்கு வெடிப்பு தெரியும், இல்லீன்னா தெரியாது. 1998லயும் 2003லயும் வெடிப்பு வந்த எடத்துலயே சூப்பர்நோவாவும், அதாவது பெரிய நட்சத்திரம் சாகறப்ப வெடிச்சுச் செதறுறதும், சேந்து தெரிஞ்சதுல இது உறுதியாச்சு. அவ்ளோதான், இனி விசயத்துக்கு வாரேன்.

ஃபெர்மி 2008 ஜூன்ல போனது. அதுல ரெண்டு கருவி. ஒண்ணு லேட், ரொம்ப அதிக எனர்ஜி காமாவுக்கு. இன்னொண்ணு ஜிபிஎம், வெடிப்பு புடிக்கறதுக்குன்னே வெச்சது. ஜிபிஎம்ல சோடியம் அயோடைடு படிகத்துல செஞ்ச 12 டிடெக்டர் இருக்குதுங்க, ஒவ்வொண்ணும் 12.7 சென்டிமீட்டர் அகலத்துல தட்டையான வில்லை, வேற வேற திசையப் பாத்து மாட்டியிருப்பாங்க. அது போக பெருசா பிஜிஓ படிகம் ரெண்டு, அதிக எம்இவி பக்கத்துக்கு (கேஇவி, எம்இவி, ஜிஇவி, டிஇவி எல்லாம் போட்டானோட எனர்ஜிக்கு அளவு, ஒவ்வொண்ணும் முன்னத விட 1,000 மடங்கு). காமா போட்டான், அதாவது காமா வெளிச்சத்தோட ஒத்தத் துணுக்கு, ஒண்ணு படிகத்துல விழுந்தா சின்ன மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம், அத பின்னாடி இருக்கிற போட்டோமல்டிப்ளையர் கரன்ட் துடிப்பா மாத்தும், துடிப்போட உயரம்தான் போட்டானோட எனர்ஜி. லென்ஸ் இல்ல, கண்ணாடி இல்ல, படமும் வராது. எந்தத் திசைன்னு கண்டுபுடிக்கறது 12 டிடெக்டர்ல எதுல அதிகமா விழுந்துச்சு எதுல கம்மின்னு ஒப்பிட்டுத்தான், அதுனால நல்லா வந்தாலும் டிகிரிக் கணக்குல பிசகு இருக்கும். ஆனா ஒரு லாபம் பாருங்க, பூமி மறைக்கற பக்கம் போக மீதி வானம் முழுசையும் எந்நேரமும் பாத்துட்டே இருக்கும். வருசத்துக்கு 240 வாக்குல வெடிப்பு புடிக்குது.

அன்னிக்கு 6.47க்கு விழுந்தது பெருசா ஒண்ணும் இல்ல. வேகமா ஏறி மெல்ல எறங்குற ஒரு துடிப்பு, இந்த மாதிரி ஜிபிஎம் எவ்வளவோ பாத்திருக்கு. அதோட அடங்கிப் போச்சு. கிட்டத்தட்ட மூணு நிமிசம் சத்தமே இல்லாம கெடந்துச்சு. அத மட்டும் பாத்திருந்தா சாதாரண வெடிப்புன்னு ஒரு வரி எழுதி மூடியிருப்பாங்க. 219வது செகண்ட்ல இருந்துதான் ஆட்டம். 230 வாக்குல ஒரு உச்சம், 260 வாக்குல இன்னொண்ணு, அப்பறம் 500 தாண்டி மறுபடி ஒரு சின்னது, அதுக்கும் பொறகு வால் மாதிரி நீண்டுகிட்டே போச்சு, 1,467வது செகண்ட்ல பூமி குறுக்க வர்ற வரைக்கும் ஜிபிஎம் அதப் பாத்துட்டு இருந்துச்சு. வெடிப்போட நீளம்னு கணக்குல எழுதறது 289 செகண்ட், அது மொத்த வெளிச்சத்துல நடு 90 சதவீதம் வந்து சேர்ற நேரம்.

இப்ப 219ல இருந்து 277 வரைக்கும் அந்த 58 செகண்ட்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, ஜிபிஎம்முக்குச் சரியா தெரியாது. இதாங்க எனக்கு இந்தக் கேஸ்லயே ரொம்பப் புடிச்ச எடம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒரு போட்டான எண்ணி முடிச்சு அடுத்ததுக்குத் தயாராக டிடெக்டருக்கு 2.6 மைக்ரோசெகண்ட் வேணும், அந்த நேரத்துல வர்றதெல்லாம் கணக்குல சேராது. சாதாரண நாள்ல இது ஒரு பொருட்டே இல்ல. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புல காய் வெட்டு முடிஞ்சு களத்துல எண்ணிப் போடறத பாத்திருப்பீங்க, ஆளு நிதானமா ஒவ்வொண்ணா போட்டா எண்றவருக்குப் பிசகே வராது, நாலஞ்சு பேரு ஒரே நேரத்துல விட்டெறிய ஆரம்பிச்சா ரெண்டு காய் ஒரே சத்தமா விழும், கண்ணத் திருப்பிட்டு சத்தத்த மட்டும் வெச்சு எண்ணிட்டு இருந்தா அத ஒண்ணுன்னு போட்டுருவாரு, அதுவும் சத்தம் பெருசா கேட்டதால நல்ல பெரிய காய்னு போட்டுருவாரு. அதேதான் இங்கயும். ரெண்டு கம்மி எனர்ஜி போட்டான் ஒட்டி விழுந்தா ஒரு அதிக எனர்ஜி போட்டான்னு பதிவாகும். அப்ப எண்ணிக்கையும் தப்பு, எனர்ஜிக் கணக்கும் தப்பு, ரெண்டும் வேற வேற பக்கமா தப்பு, பெருக்கிச் சரிபண்ற மாதிரி எளிசு இல்ல. அதுனால ஃபெர்மி ஆளுங்க 219 முதல் 277 வரைக்கும், அப்பறம் 508ல இருந்து 514 வரைக்கும் கெட்ட நேரம்னு குறிச்சு வெச்சு, இந்த டேட்டாவ அப்படியே எடுத்து யாரும் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த எனர்ஜியில எத்தன போட்டான்ங்கற வரைபடம், போடாதீங்கன்னு சொல்லிட்டாங்க. ஃபெர்மியோட லேட்டுக்கும் அதே கதி, மேல போத்தியிருக்கிற கவச டிடெக்டர எக்ஸ்ரே வெள்ளம் மூழ்கடிச்சிருச்சு. அப்படியும் 240வது செகண்ட்ல 99 ஜிஇவி போட்டான் ஒண்ண புடிச்சு வெச்சிருக்கு, அத மெச்சணும்.

அளவுகோல் ஒடஞ்சு போச்சுன்னு ஒத்துக்கிட்டு, எந்த செகண்ட்ல இருந்து எந்த செகண்ட் வரைக்கும் நம்பாதீங்கன்னு எழுதி வெக்கறது லேசான காரியம் இல்லீங்க. உலக ரெக்கார்டு கையில இருக்கறப்ப அதோட உச்சிய மட்டும் என்னால சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்குத் தனி நேர்மை வேணும்.

அப்ப உச்சிய யாரு அளந்தா? நாலு பக்கத்துல இருந்து வந்துச்சு. விண்ட்ங்கற சாட்டிலைட், 1994ல விட்டது, பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி சூரியப் பக்கமா நிக்குது, அதுல ரஷ்யாக்காரங்களோட கோனஸ் கருவி. பூமி மறைக்கற தொல்லையே அதுக்கு இல்ல. அதுவும் உச்சியில தெணறுச்சு, ஆனா தெணறுறப்ப அந்தக் கருவி எப்படி நடந்துக்கும்னு அந்தக் குழுவுக்கு அத்துப்படி, அத வெச்சு சரிபண்ணி எடுத்தாங்க. சீனாவோட ஜீகேம்-சி, அந்த வருசம் ஜூலையிலதான் மேல போனது, அதோட டேட்டா உச்சியிலயும் பிழைச்சுது. சீனாவோட இன்னொரு சாட்டிலைட் இன்சைட்-எச்எக்ஸ்எம்டி, ஆரம்பத் துடிப்பையும் பின்னால வந்த வாலையும் சுத்தமா புடிச்சுது. நாலாவது ஆளுதான் எனக்கு ரொம்ப இஷ்டம். ஜிஆர்பிஆல்ஃபான்னு ஒரு கியூப்சாட், பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் இருக்கிற டப்பா, ஒரு கிலோ வாக்குல எடை, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, செக் நாட்டு ஆளுங்க சேந்து 2021ல விட்டது, இந்த அளவு டப்பா நம்மூரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்களும் பண்றதுதான். டிடெக்டர் சின்னது, அதுல விழற போட்டானும் கம்மி, அதனால அது தெணறவே இல்ல. உலகத்துலயே பிரகாசமான வெடிப்போட உச்சிய அந்த டப்பா முழுசா எண்ணி வெச்சிருச்சு. நேர நுணுக்கம் பெருசா இல்ல, ஆனா எண்ணிக்கை நெசம்.

இன்னொரு பக்கம் ஸ்விஃப்ட் கதை தனி. 2004ல இருந்து வெடிப்பு புடிக்கறதுல கில்லாடி ஸ்விஃப்ட்தான், எடத்த நுணுக்கமா சொல்லும், ஒடனே திரும்பி எக்ஸ்ரே, அல்ட்ராவயலட் டெலஸ்கோப் வெச்சுப் பாக்கும். ஆனா 6.47க்கு அந்தத் திசை அதோட பார்வையில இல்ல. 7 மணி 40க்குத்தான் அந்தப் பக்கம் அதுக்குத் தெரிஞ்சுது, அதாவது வெடிச்சு 53 நிமிசம் கழிச்சு, அப்ப இருந்தது மிச்ச வெளிச்சம் மட்டும். அந்த மிச்சமே ட்ரிகர் ஆகற அளவுக்குப் பிரகாசம்! பால்வீதித் தளத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருந்ததால ஸ்விஃப்ட் குழு இத நம்ம கேலக்ஸிக்குள்ள ஏதோ ஒரு எக்ஸ்ரே நட்சத்திரம் திடீர்னு பொங்கியிருக்குன்னு நெனச்சு ஸ்விஃப்ட் ஜே1913.1+1946ன்னு பேரு வெச்சு அறிவிச்சுட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கு அப்பறமும் இப்படி எரியற காமா வெடிப்பு இருக்கும்னு யாரும் எதிர்பாக்கல, அதனால அந்த முடிவ குத்தம் சொல்ல முடியாது. அப்பறம் ஃபெர்மியோட ட்ரிகரும் இதும் ஒரே திசைன்னு கோத்துப் பாத்ததுலதான் விசயம் வெளிய வந்துச்சு. சிலில இருக்கிற விஎல்டி டெலஸ்கோப் திரும்பி ஸ்பெக்ட்ரம் எடுத்து ரெட்ஷிஃப்ட், அதாவது பிரபஞ்சம் விரியறதால வெளிச்சம் சிவப்புப் பக்கமா நகந்த அளவு, 0.151ன்னு சொன்னதும் நம்ம கேலக்ஸிங்கற பேச்சே முடிஞ்சுது.

0.151ன்னா வெளிச்சம் கெளம்பி சுமாரா 190 கோடி வருசம். நாமக்கல், சேலம் பக்கம் இருக்கிற பழைய பாறைகளுக்கு வயசு 250 கோடி வருசம்னு சொல்றாங்க, அப்ப அந்த வெளிச்சம் கெளம்புறப்பவே நம்ம ஊரு கல்லு கெட்டியாகிக் கெடந்துச்சு. ஆனா வெடிப்புக் கணக்குல 190 கோடி ரொம்பப் பக்கம், நீண்ட வெடிப்புங்க வழக்கமா இத விட பல மடங்கு தூரத்துல இருந்து வர்றது. இயல்பாவே பெருசு, அது போக பக்கம், அது போக ஜெட்டு நேரா நம்ம மூஞ்சிக்கு, மூணும் ஒண்ணா கூடிருச்சு. முன்ன பாத்ததுல பிரகாசமானத விட 70 மடங்கு. பழைய கேட்டலாக் எல்லாத்தையும் அலசி, பூமிக்கு இப்படி ஒண்ணு 10,000 வருசத்துக்கு ஒருக்கா வரும்னு கணக்கு சொன்னாங்க. கொடுமணல்ல கல்லுமணி பட்டை தீட்டிட்டு இருந்ததே 2,000 வருசத்துக்குக் கொஞ்சம் முன்னதான், அப்ப பாத்துக்கோங்க.

எனர்ஜி எவ்வளவுன்னா, எல்லாப் பக்கமும் சமமா பாஞ்சிருந்தா எவ்வளவுன்னு போடறதுதான் வழக்கம். அப்படிப் போட்டா ஃபெர்மி கணக்கு 1க்குப் பின்னால 55 சைபர் எர்க் (ஒரு கோடி எர்க் சேந்தா ஒரு ஜூல்), கோனஸ் அதே மாதிரி 1.2 மடங்கு, ஜீகேம்-சி 1.5 மடங்கு. சூரியன் மொத்தமும் ஒண்ணு விடாம எனர்ஜியா மாறுனா வர்றத போல அஞ்சாறுல இருந்து எட்டு மடங்கு வரைக்கும். மூணு நம்பரும் ஒத்துப் போகலியேன்னு சிலர் கேக்கறாங்க, எனக்கு அது குறையா தெரியல, வேற வேற எடத்துல நின்னு, வேற வேற எனர்ஜி ஜன்னல்ல, தெணறுன கருவிய வேற வேற மாதிரி சரிபண்ணி இவ்வளவு பக்கத்துல வந்ததே பெருசு.

நெசமா அவ்வளவு எனர்ஜி வந்துச்சான்னா இல்ல. அதுக்குப் பதில் தரையில இருந்து வந்துச்சு. சீனாவுல சிச்சுவான் மலையில 4,410 மீட்டர் ஒசரத்துல லாசோங்கற அப்சர்வேட்டரி, நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், அத விட எவ்வளவு ஒசரம் பாருங்க. காத்து மண்டலத்துல டிஇவி காமா மோதி தெறிக்கற துகள் மழைய அது தண்ணித் தொட்டியில புடிக்குது. வெடிப்பு நேரத்துல அந்தத் திசை அதோட பார்வையில வசமா இருந்துச்சு. மொதல் 3,000 செகண்டுக்குள்ள 64,000க்கு மேல டிஇவி மட்டத்துப் போட்டான். ஒரு வெடிப்போட ஆரம்பத்துல இருந்து டிஇவி வெளிச்சம் ஏறி எறங்கறத பாத்தது அதான் மொதத்தடவை. அந்த வெளிச்சம் உச்சியத் தொட்டு 650 செகண்ட் வாக்குல ஆனதும் திடீர்னு வெசையா மங்க ஆரம்பிச்சுது, ஜெட்டோட ஓரம் நமக்குத் தெரிய ஆரம்பிச்சா அப்படித்தான் மங்கும், அதுல இருந்து ஜெட்டோட நடு அச்சுல இருந்து ஓரத்துக்கு வெறும் 0.8 டிகிரின்னு வந்துச்சு. அவ்வளவு ஒல்லியா! வானத்துல பத்தாயிரத்துல ஒரு பங்குக்குத்தான் அது பாஞ்சிருக்கு, அப்ப நெசமான எனர்ஜியும் மேல சொன்னதுல பத்தாயிரத்துல ஒரு பங்குதான். ரெக்கார்டு பிரகாசத்துக்குப் பாதிக் காரணம் ஒல்லி ஜெட்டு நேரா இங்க திரும்புனது. ஆனா ஒல்லி நடுவச் சுத்தி அகலமான சிறகும் இருந்திருக்கணும்னு மிச்ச வெளிச்சம் மங்குன விதத்த வெச்சு வேற குழு சொல்லுது, ரெண்டையும் சேத்துதான் இப்ப மாடல் போடறாங்க.

லாசோ புடிச்சதுல 13 டிஇவி வரைக்கும் போச்சு. அவ்வளவு எனர்ஜி போட்டான் 190 கோடி வருசம் பயணம் பண்றப்ப வழியில இருக்கிற பழைய நட்சத்திர வெளிச்சத்தோட மோதி எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடியா அழிஞ்சு போயிருக்கணும், ஏன் அழியலன்னு ஆக்ஸியான் (இன்னும் யாரும் பாக்காத, கணக்குல மட்டும் இருக்கிற துகள்) அது இதுன்னு பல பேரு கட்டுரை எழுதித் தள்ளுனாங்க. என்னக் கேட்டா அந்தப் பழைய வெளிச்சத்தோட அடர்த்திய நாம கொஞ்சம் அதிகமா மதிப்பு போட்டிருக்கோம்ங்கறதுதான் எளிசான வெளக்கம், புதுத் துகள் வேணும்னா அதுக்கு வேற சாட்சி வரட்டும்.

இத எங்க சித்தப்பா பையங்கிட்ட சொல்லிட்டு இருந்தப்ப அவன் கேட்டான், ஏனுங்ணா, நம்ம தலைக்கு மேல இத்தாப்பெருசு வெடிச்சுதுங்கறீங்க, நமக்கு ஒண்ணுமே ஆகலியேன்னு. நல்ல கேள்விதான். கோனஸ் அளவுப்படி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மொத்தம் 0.21 எர்க் வந்து சேந்துச்சு. கோயமுத்தூர் மாநகராட்சி 257 சதுர கிலோமீட்டர், அது முழுசுக்கும் மேல விழுந்தத கூட்டுனா 54,000 ஜூல். பெருசா கேக்குதா? 15 வாட் எல்இடி பல்ப ஒரு மணி நேரம் எரிய விடற கரன்ட்டு. மொத்த ஊருக்கும் சேத்து அவ்வளவுதான், அதுவும் தரைக்கு வராம மேலயே நின்னு போச்சு. போண்ணா, இதுக்கா இந்த அலப்பறைன்னுட்டு போயிட்டான்.

ஆனா அந்த ஒத்தப் பல்பு கரன்ட்டு மேல போய் பண்ணுன வேலை சின்னதில்ல. 60, 70 கிலோமீட்டர் ஒசரத்துல இருந்து ஆரம்பிக்கிற அயனோஸ்பியர்ங்கற மின்னேறுன காத்து அடுக்குல அது எலக்ட்ரான பிச்சு எடுத்துருச்சு, சூரியன்ல பிளேர் அடிச்சா என்ன ஆகுமோ அதே மாதிரி. ரொம்பக் கம்மி பிரீக்வென்சி ரேடியோ அலை அந்த அடுக்குல பட்டுத்தான் தூரமா போகும், ஐரோப்பாவுல அந்த அலைய வருசக்கணக்கா ரெக்கார்டு பண்ணிட்டு இருந்தவங்க வரைபடத்துல அதே நேரத்துல திடீர்னு ஒரு பள்ளம், அதுல தொழில்முறை ஆளுங்களும் உண்டு, பொழுதுபோக்குக்குப் பண்றவங்களும் உண்டு. இந்தியாவுல மின்னல் கண்டறியற கருவிங்களக்கூட அது தட்டி உட்ருச்சுன்னு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் சொல்லிச்சு. அப்பறம் 2023 நவம்பர்ல வந்த ஆய்வு, 507 கிலோமீட்டர் ஒசரத்துல பறந்த சீன சாட்டிலைட் ஒண்ணு அயனோஸ்பியரோட மேல் பக்கத்துலயே மின்புலம் ஆடுனத பதிவு பண்ணியிருக்குன்னு காட்டுச்சு, வெடிப்பால மேல் பக்கம் அசைஞ்சத அளந்தது அதான் மொதல்ல. பூமியே ஒரு டிடெக்டரா வேலை செஞ்சிருக்கு.

எக்ஸ்ரே வளையம் பத்தி ரெண்டு வரி. வெடிப்போட எக்ஸ்ரே நம்ம பால்வீதி தூசி மேகத்துல பட்டு செதறி கொஞ்சம் சுத்து வழியில லேட்டா வந்து சேரும், அது வானத்துல வட்ட வட்டமா விரியும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் 20 வளையம் எண்ணுச்சு. அத வெச்சே தூசி மேகம் 1,000 ஒளியாண்டுல இருந்து 61,000 ஒளியாண்டு வரைக்கும் எங்கெங்க இருக்குன்னு தூரம் அளந்துட்டாங்க. வெடிப்பு ஆராய்ச்சிக்கு இதுல ஒண்ணும் இல்ல, பால்வீதி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஓசியில கெடச்ச வரும்படி.

இனி அந்த 12 எம்இவி கோடு. ஜிபிஎம் டேட்டாவுல கெட்ட நேரம்னு விட்டது 277ல முடியுதுன்னு சொன்னேனில்ல, அது முடிஞ்ச ஒடனே, 280ல இருந்து 320 வரைக்கும் இருக்கிற டேட்டாவ ஒரு குழு உக்காந்து மறுபடி அலசுச்சு. காமா வெடிப்போட ஸ்பெக்ட்ரம் எப்பவும் வழவழன்னு ஏறி எறங்கும், குறிப்பிட்ட எனர்ஜியில தனியா கோடு நிக்காது, அம்பது வருசமா அப்பப்ப யாராவது கோடு பாத்தேன்னு சொல்லுவாங்க, மத்தவங்க சரிபாத்தா ஒண்ணும் இருக்காது. இந்தக் குழுவும் மொதல்ல நம்பலயாம். ஆனா பிஜிஓ டிடெக்டர்ல 12 எம்இவி வாக்குல தெளிவா ஒரு மேடு, நேரம் ஆக ஆக அது 6 எம்இவி பக்கமா எறங்குது. 2024 ஜூலையில வெளிய வந்துச்சு, அதாவது டேட்டா ரெண்டு வருசத்துக்குக் கொஞ்சம் கம்மியா எல்லார் கையிலயும் சும்மா கெடந்துச்சு. அவங்க சொல்ற வெளக்கம், ஜெட்டுக்குள்ள எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி அழியறப்ப வர்ற 511 கேஇவி வெளிச்சம், ஜெட்டு கிட்டத்தட்ட வெளிச்ச வேகத்துல நம்மள நோக்கி வர்றதால மேல தள்ளப்பட்டு 12 எம்இவியா தெரியுது, ஜெட்டு வேகம் கொறையக் கொறைய கோடும் எறங்குது. இது சரின்னா ஜெட்டுக்குள்ள என்ன இருக்குங்கறதுக்குக் கெடச்ச நேரடி சாட்சி. இன்னொரு வெடிப்புலயும் பாத்தாத்தான் முழுசா நம்புவேன், ஆனா அதுக்குத் தகுந்த பிரகாசத்துல அடுத்தது எப்ப வரும்னு மேல சொன்ன கணக்கப் பாருங்க.

கடைசியா சூப்பர்நோவா. நீண்ட வெடிப்புன்னா சூப்பர்நோவா பின்னால வரும்னு கண்ண மூடிட்டு சொல்ற காலம் மலையேறிப் போச்சு. 2021 டிசம்பர்ல வந்த 211211ஏ, 2023 மார்ச்ல வந்த 230307ஏ ரெண்டுமே நீளமானது, ஆனா பின்னால வந்தது சூப்பர்நோவா இல்ல, நியூட்ரான் நட்சத்திரம் மோதுனா வர்ற கிலோநோவா. அதுனால 221009ஏக்கும் பாத்துத்தான் சொல்லணும். பாக்கறது கஷ்டம், மிச்ச வெளிச்சம் அவ்வளவு பிரகாசம், பால்வீதி தூசி வேற. அது மங்கற வரைக்கும் காத்திருந்து, சுமாரா ஆறு மாசம் கழிச்சு ஜேம்ஸ் வெப் ஸ்பேஸ் டெலஸ்கோப் பாத்தப்ப சூப்பர்நோவாவுக்கே உரிய ஆக்ஸிஜன், கால்சியம் கோடுங்க தெரிஞ்சுது, எஸ்என் 2022எக்ஸ்ஐடபிள்யூன்னு பேரு, 2024 ஏப்ரல்ல கட்டுரை வந்துச்சு. ரெக்கார்டு வெடிப்புக்கு ரெக்கார்டு சூப்பர்நோவா இருக்கும்னு எதிர்பாத்தாங்க, ஆனா அது வழக்கமா வெடிப்போட வர்றத விட ஒண்ணும் பிரகாசம் இல்ல. தங்கம், பிளாட்டினம் மாதிரி கனத்த தனிமம் உருவான தடமும் கெடைக்கல. பிரபஞ்சத்துத் தங்கத்துல கொஞ்சம் இந்த மாதிரி நட்சத்திரச் சாவுலதான் வந்திருக்கும்னு ஒரு கட்சி இருக்குதுங்க, அதுக்கு இது நல்ல அடி. ஒத்த நிகழ்வ வெச்சு முடிவு கட்ட முடியாதுதான், ஆனா இவ்வளவு பக்கத்துல இவ்வளவு பெருசுல கெடைக்கலன்னா வேற எங்க போய்த் தேடறது?

நம்மாளுங்க பக்கம் பாத்தா, 2015 செப்டம்பர் 28ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன ஆஸ்ட்ரோசாட்ல சிஇசட்டிஐன்னு ஒரு கருவி வெடிப்பு புடிக்கறதுல நல்ல பேரு எடுத்தது, 2023 நவம்பர் 22ல அது 600வது வெடிப்ப புடிச்சுது. அடுத்ததா தக்ஷான்னு ஒரு திட்டம் முன்மொழிஞ்சிருக்காங்க, ரெண்டு சாட்டிலைட்ட பூமிக்கு ரெண்டு எதிர்ப் பக்கத்துல நிறுத்தறது, ஒண்ணுக்கு பூமி மறைச்சாலும் இன்னொண்ணு பாக்கும். 221009ஏ கதையப் படிச்சவங்களுக்கு அது ஏன் வேணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. என் ஆசை என்னன்னா, அதுல பெரிய டிடெக்டரோட சின்னதா ஒண்ணும் மாட்டி வுடணும், பெருசு தெணறுனா எண்ணிக்கை சொல்றதுக்கு.

காலேஜ் பசங்க யாராவது இதப் படிச்சுட்டு தொட்டுப் பாக்கணும்னு நெனச்சா, ஃபெர்மி டேட்டா மொத்தமும் இலவசம், காமா டேட்டா டூல்ஸ்னு பைத்தான் பேக்கேஜ் இருக்கு, லேப்டாப் போதும். ட்ரிகர் நம்பர் 221009553. மொதல்ல லைட்கர்வ், அதாவது நேரம் ஆக ஆக வெளிச்சம் ஏறி எறங்கற வரைபடம், போடுங்க, அந்த மூணு நிமிச அமைதிய கண்ணால பாருங்க. அப்பறம் ஸ்பெக்ட்ரம் போடறப்ப 219ல இருந்து 277 வரைக்கும், 508ல இருந்து 514 வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு, பிஜிஓ டிடெக்டர எடுத்து 280ல ஆரம்பிங்க.